வந்த ரீடிங்கை எழுதுங்கள்

மன்னவனூர், கவுஞ்சி, பூம்பாறை, பூண்டி, கிளாவரை என்று மேல்மலை ஊர்களிலிருந்து வந்து, கொடைக்கானலிலும் பழனியிலும் திண்டுக்கல்லிலும் மதுரையிலும் இயற்பியல் படிக்கும் தம்பி தங்கைகளுக்கு,

செமஸ்டர் முடியப்போகிறது. கடைசி இன்டர்னல், கொடுக்காமல் விட்ட அசைன்மென்ட், செமினார், போன முறை விழுந்த அரியர், ஹால் டிக்கெட் எல்லாம் ஒரே மாதத்தில் வந்து நிற்கின்றன. இவற்றுக்கெல்லாம் முன்னால் பிராக்டிகல் எக்ஸாம். விடுதியில் இருப்பவர்களுக்கு ஊர்க் கவலை வேறு. கேரட் பிடுங்க ஆள் கிடைக்கவில்லை என்று அம்மா போனில் சொல்லும்போது, புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்காருவது எளிதான காரியமில்லை. இந்தச் சுமைகளில் ஒன்றைப் பற்றி மட்டும் பேச வருகிறது இந்த மடல். அது ரெக்கார்டு நோட்டு.

ரெக்கார்டு எப்படி நிரம்புகிறது என்பது இயற்பியல் படித்த எல்லோருக்கும் தெரியும். ஒரு ஸ்பெக்ட்ரோமீட்டரைச் சுற்றி ஏழெட்டுப் பேர். ஒருவர் பார்க்கிறார், ஒருவர் எழுதுகிறார், மற்றவர்கள் அந்தத் தாளைப் பிறகு வாங்கிக்கொள்கிறார்கள். விடை புத்தகத்தோடு ஒத்துப்போகாவிட்டால் சீனியரின் பழைய ரெக்கார்டு கைமாறி வருகிறது. அதுவும் கிடைக்காவிட்டால், விடையை முதலில் எழுதிக்கொண்டு அதற்குத் தோதான ரீடிங்குகளைப் பின்னாலிருந்து போட்டுவிடுகிறார்கள். கையெழுத்து வாங்கும் கடைசி வாரத்தில் இந்த வேலை விடிய விடிய நடக்கும்.

இதைச் செய்யும் பிள்ளைகளைக் குற்றவாளிகளாக்குவது நியாயமில்லை. தேய்ந்துபோன திருகு, மங்கிய சோடியம் விளக்கு, மூன்று மணி நேரம், வரிசையில் காத்திருக்கும் அடுத்த குழு. இந்த நிலையில் யாராக இருந்தாலும் குறுக்குவழி தேடத்தான் தோன்றும். ஆனாலும் உங்களிடம் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. கண்ணில் தெரிந்த ரீடிங்கை அப்படியே எழுதுங்கள். புத்தகத்தோடு பொருந்தாவிட்டாலும் எழுதுங்கள். தமிழ்நாட்டில் இயற்பியல் அப்படிப்பட்ட ரீடிங்குகளால்தான் வளர்ந்தது. அதற்கான பெரிய சாட்சியம் உங்கள் மலையிலேயே இருக்கிறது.

முதலில் சென்னையைப் பார்க்கலாம். மாநிலக் கல்லூரியில் எம்.ஏ. மாணவராக இருந்த ச.வெ.ராமன் ஆய்வகத்தில் செய்துகொண்டிருந்தது, உங்கள் சிலபஸில் இன்றும் இருக்கிற அதே பிராக்டிகல்தான். ஸ்பெக்ட்ரோமீட்டரில் முப்பட்டகத்தின் கோணத்தை அளக்கிற சோதனை. இடப்பக்க முகத்தில் எதிரொளித்து வரும் பிளவின் பிம்பத்தைப் பார், வெர்னியரைக் குறி, வலப்பக்கம் பார், குறி, வித்தியாசத்தில் பாதி எடு, 60 டிகிரி வரும், எழுதிவிட்டுப் போ. ராமன் போகவில்லை. ஒளி முப்பட்டகத்தின் முகத்தில் மிகவும் சாய்வாக விழும்போது, பிம்பத்தின் இரு பக்கமும் விளிம்பு விளைவுப் பட்டைகள் தெரிந்தன. அவை இரு பக்கமும் ஒரே மாதிரி இல்லை. ஒரு பக்கம் அகலம், மறுபக்கம் குறுகல். கோணம் அளக்க வந்தவருக்கு அது தேவையே இல்லாத காட்சி. ஆனால் சாய்ந்து விழும் ஒளிக்கு முப்பட்டகத்தின் முகம் ஒரு செவ்வகத் துளையாக வேலை செய்கிறது என்று கண்டு, பட்டைகள் ஏன் சமமில்லை என்பதையும் கணக்கிட்டுக் கட்டுரை எழுதினார். லண்டனிலிருந்து வெளியான ‘ஃபிலசாஃபிகல் மேகஸின்’ 1906 நவம்பரில் அதை அச்சிட்டது. அந்த மாதம்தான் அவருக்கு 18 வயது நிறைந்தது. அவருடைய முதல் ஆய்வுக் கட்டுரை அதுதான்.

பின்னாளில் கல்கத்தாவிலும் இதே கதை நடந்தது. 1923-இல் ராமனின் மாணவர் கே.ஆர்.ராமநாதன் திரவங்களில் ஒளி சிதறுவதை ஆராய்ந்தபோது, இருக்கக் கூடாத ஒரு மங்கலான ஒளி கூடவே வந்தது. திரவத்தில் அழுக்கு இருக்கும் என்று நினைத்துத் திரும்பத் திரும்பச் சுத்தம் செய்து பார்த்தார். ஒளி போகவில்லை. போகவில்லை என்றே பதிவு செய்தார். அந்த மங்கல் ஒளியைத் துரத்திக்கொண்டு போய்த்தான் 1928 பிப்ரவரியில் ராமனும், வத்திராயிருப்பில் பிறந்து மதுரை அமெரிக்கன் கல்லூரியில் படித்த கே.எஸ்.கிருஷ்ணனும் இன்று ராமன் விளைவு என்று நாம் படிக்கிற விஷயத்தைக் கண்டார்கள்.

இனி உங்கள் மலைக்கு வருவோம். கொடைக்கானலில் ‘அப்சர்வேட்டரி’ என்று சொன்னால் சின்னப் பிள்ளைக்கும் வழி தெரியும். கடல் மட்டத்திலிருந்து 2343 மீட்டர் உயரத்தில், 1899 முதல் இயங்கும் சூரிய ஆய்வகம் அது. 1876-78 பெரும் பஞ்சத்தில் சென்னை மாகாணம் செத்து மடிந்த பிறகு, சூரியனில் நடக்கும் மாற்றத்துக்கும் பருவமழைக்கும் தொடர்பு இருக்குமா என்று கண்டுபிடிக்க வேண்டும் என்ற எண்ணம் வலுத்தது. அதற்குத் தோதான இடம் தேடிப் பழனி மலையைத் தேர்ந்தெடுத்தார்கள். பஞ்சத்தில் பிறந்த ஓர் ஆய்வகம் என்பதை அங்கே சுற்றிப் பார்க்க வருபவர்களில் எத்தனை பேர் அறிவார்கள் என்று தெரியவில்லை. மேல்மலைப் பிள்ளைகளாவது அறிந்திருக்க வேண்டும்.

1907-இல் ஜான் எவர்ஷெட் என்ற ஆங்கிலேயர் அங்கே வேலைக்கு வந்தார். அடுத்த ஆண்டு அமெரிக்காவின் மவுண்ட் வில்சனில் ஜார்ஜ் எல்லரி ஹேல், சூரியப் புள்ளிகளைச் சுற்றிச் சுழல் போன்ற வடிவங்களைப் படமெடுத்தார். அந்தப் புள்ளிகளில் காந்தப்புலம் இருப்பதையும் காட்டினார். உலகமே சூரியப் புள்ளி என்றால் ஒரு பெரிய சுழல்காற்று என்று நம்பத் தொடங்கிய நேரம். எவர்ஷெட்டும் அந்தச் சுழற்சியை நிறமாலையில் பிடித்துவிடத்தான் முயன்றார்.

அவர் செய்தது என்ன என்பதை உங்கள் பிராக்டிகலோடு சேர்த்துப் பாருங்கள். சூரியனின் பிம்பத்தை ஒரு பிளவின் மேல் விழவைக்கிறார். பிளவு ஒரு சூரியப் புள்ளியைக் குறுக்காக வெட்டிக்கொண்டு போகிறது. பிளவுக்குள் நுழைந்த ஒளி நிறமாலையாகப் பிரிந்து புகைப்படத் தகட்டில் விழுகிறது. வாயு நம்மை நோக்கி வந்தால் நிறமாலைக் கோடு நீலப் பக்கம் நகரும், விலகிப் போனால் சிவப்புப் பக்கம் நகரும். டாப்ளர் விளைவு, அவ்வளவுதான். புள்ளி சுழன்றால் எந்தத் திசையில் பிளவை வைத்தபோது கோடு கோணும், எந்தத் திசையில் நேராக இருக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

1909 ஜனவரி 5 அன்று அவர் எடுத்த தகடுகளில் கோடுகள் கோணியிருந்தன. ஆனால் சுழற்சிக்கு எதிர்பார்த்த திசையில் இல்லை. சூரிய வட்டத்தின் நடுவை நோக்கிய பக்கத்தில் நீலப் பெயர்ச்சி, விளிம்பை நோக்கிய பக்கத்தில் சிவப்புப் பெயர்ச்சி. வாயு சுற்றிச் சுற்றி ஓடவில்லை. புள்ளியின் நடுவிலிருந்து நாலாபுறமும் வெளியே பாய்ந்துகொண்டிருந்தது. வேகம் நொடிக்கு ஒன்றிரண்டு கிலோமீட்டர்.

அந்தப் பெயர்ச்சி எவ்வளவு சின்னது என்று நீங்களே கணக்குப் போடலாம். நொடிக்கு 2 கிலோமீட்டர் வேகத்தை ஒளியின் வேகமான 3 லட்சம் கிலோமீட்டரால் வகுத்து, 6000 ஆங்ஸ்ட்ராமால் பெருக்கினால் 0.04 ஆங்ஸ்ட்ராம் வருகிறது. சோடியம் விளக்கில் D1, D2 என்று இரண்டு மஞ்சள் கோடுகளைக் கிரேட்டிங்கின் இரண்டாம் வரிசையில் பிரித்துப் பார்க்க எவ்வளவு கஷ்டப்படுகிறீர்கள்! அவற்றுக்கு இடையே 6 ஆங்ஸ்ட்ராம் இருக்கிறது. எவர்ஷெட் பார்த்தது அதில் நூற்றைம்பதில் ஒரு பங்கு. இத்தனை நுண்ணிய பெயர்ச்சியைப் பிழைக் கணக்கில் தள்ளிவிட்டு, ஹேல் சொன்ன சுழலோடு சேர்ந்து போயிருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அவர் தகட்டில் இருந்ததை எழுதினார். அந்த ஆண்டே கொடைக்கானல் ஆய்வகத்தின் வெளியீட்டில் அது வந்தது. நூறாண்டு கடந்தும் உலகின் சூரிய இயற்பியல் நூல்களில் ‘எவர்ஷெட் விளைவு’ என்ற பெயரில் இருக்கிறது.

அந்த ஆய்வகத்தில் இன்னொன்றும் கற்றுக்கொள்ள இருக்கிறது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து, வானம் விட்டுக்கொடுக்கும் ஒவ்வொரு நாளும் சூரியனைப் படமெடுத்து வருகிறார்கள். பாரிஸில் 1850-இல் செய்த 6 அங்குலத் தொலைநோக்கி ஒன்றும் இந்தப் பணியில் உழைத்திருக்கிறது. மேகம் மூடிய நாளுக்குப் படம் இல்லை. முந்தைய நாள் படத்தை வைத்து அந்த இடத்தை யாரும் நிரப்பவில்லை. அதனால்தான் சூரியப் புள்ளிகள் 11 ஆண்டுக்கு ஒருமுறை பெருகிக் குறைவதை ஆராய்கிறவர்கள் அந்தத் தகடுகளை நம்பி இன்றும் கணினியில் ஏற்றிப் படிக்கிறார்கள். 2023 செப்டம்பர் 2 அன்று புறப்பட்ட ஆதித்யா எல்-1 விண்கலத்தில் சூரியனின் ஒளிவட்டத்தைப் பார்க்கும் கருவியைச் செய்ததும், கொடைக்கானல் ஆய்வகத்தை நடத்தும் அதே இந்திய வானியற்பியல் நிறுவனம்தான்.

சரி, அவர்கள் பெரியவர்கள், நமக்கு இன்டர்னல் மார்க்குதான் முக்கியம் என்று தோன்றலாம். அதையும் பேசுவோம். மலையில் படிக்கிறவர்களுக்கென்றே ஒரு கண்ணி இருக்கிறது. லீஸ் டிஸ்க் சோதனை செய்திருப்பீர்கள். நீராவி அறையின் வெப்பநிலை ஒரு வெப்பமானியில், உலோகத் தட்டின் வெப்பநிலை இன்னொன்றில். மதுரையில் எழுதிய பழைய ரெக்கார்டில் நீராவிக்கு 99 அல்லது 100 டிகிரி இருக்கும். கொடைக்கானலில் செய்தால் 93 டிகிரியைத் தாண்டுவதே பாடு. வெப்பமானி கெட்டுவிட்டது என்று நினைத்து 100 என்று எழுதத்தான் கை போகும்.

வெப்பமானி கெடவில்லை. 2000 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் பாதரச மட்டத்தில் 760 மில்லிமீட்டருக்குப் பதில் 600-க்குப் பக்கத்தில் இருக்கிறது. அந்த அழுத்தத்தில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். உங்கள் வீட்டில் குக்கர் இல்லாமல் பருப்பு வேகாததற்குக் காரணமும் அதுதான். அம்மாவுக்குத் தெரிந்த உண்மையை ரெக்கார்டில் மறைக்கக் கூடாது. மறைத்தால் கணக்கும் கெட்டுவிடும். தட்டின் வெப்பநிலை 83 என்று வைத்துக்கொள்ளுங்கள். உண்மையான வித்தியாசம் 10 டிகிரி. நீராவியை 100 என்று ‘திருத்தி’ எழுதினால் வித்தியாசம் 17 ஆகிவிடும். வகுக்கும் இடத்தில் 17 உட்கார்ந்தால் வெப்பக் கடத்து எண் நாற்பது சதவீதம் குறைந்துபோகும். 93 என்று எழுதி, பக்கத்தில் ‘ஆய்வகத்தின் உயரம் காரணமாக’ என்று ஒரு வரி சேர்த்தால், வெளியிலிருந்து வரும் எக்ஸாமினர் அந்த வரியில்தான் நின்று உங்களிடம் பேசுவார். வைவாவில் உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்ல அதைவிட நல்ல வாசல் கிடைக்காது.

இன்னொரு சோதனை, காற்று ஆப்பு. இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே மெல்லிய கம்பியோ முடியோ வைத்து, மஞ்சள் ஒளியில் தெரியும் இருட்டுப் பட்டைகளின் அகலத்தை நகரும் நுண்ணோக்கியில் அளப்பது. மன்னவனூர்ப் பிள்ளைகளுக்கு இதற்கான பொருள் ஊரிலேயே இருக்கிறது. மத்திய செம்மறியாடு மற்றும் உரோம ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல நிலையம் மன்னவனூரில்தான் இருக்கிறது. பாரத் மெரினோ ஆடுகளை அங்கே வளர்க்கிறார்கள். மெரினோ வகை உரோமத்தின் தடிமன் சுமார் 20 மைக்ரான். தொடும் விளிம்பிலிருந்து 5 சென்டிமீட்டர் தள்ளி அப்படி ஓர் இழையை வைத்தால், பட்டைகள் முக்கால் மில்லிமீட்டருக்கு ஒன்றாகத் தெரியும். கண்ணுக்கு இதமான இடைவெளி. தலைமுடியை வைத்தால் பட்டைகள் இதில் மூன்றில் ஒரு பங்காக நெருங்கிவிடும், எண்ணுவது சிரமம்.

உரோமத்தை இடம் மாற்றி மாற்றி வைத்து அளந்தால் ஒருமுறை 19 வரும், ஒருமுறை 22 வரும். தம்பிகளே, அங்கேதான் ரப்பரைத் தேடாதீர்கள். ஒரே ஆட்டின் உரோமத்திலேயே இழைக்கு இழை தடிமன் மாறும். அதனால்தான் உரோமத்தின் தரம் பார்ப்பவர்கள் பல இழைகளை அளந்து சராசரி எடுக்கிறார்கள். உங்கள் ஐந்து ரீடிங்கும் ஒரே எண்ணாக இருந்தால்தான் அதைச் சந்தேகப்பட வேண்டும்.

பெண் பிள்ளைகள் அன்னா மணியைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும். அவரும் மலையில் பிறந்தவர்தான். 1918-இல் பீர்மேட்டில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்று, 1940-இல் பெங்களூரில் ராமனின் ஆய்வகத்துக்குப் போனார். வைரமும் மாணிக்கமும் உமிழும் ஒளியை அளப்பது வேலை. அந்த ஒளி மிகவும் மங்கல் என்பதால் ஒரு புகைப்படத் தகட்டில் நிறமாலை விழ பதினைந்து இருபது மணி நேரம் ஆகும். இரவு முழுக்க ஆய்வகத்திலேயே இருப்பார். ஐந்து கட்டுரைகள் வெளியிட்டு ஆய்வேட்டைச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தபோது, எம்.எஸ்ஸி. பட்டம் இல்லை என்ற காரணத்தால் முனைவர் பட்டம் கிடைக்கவில்லை. இன்று படித்தாலும் மனம் ஆறாத செய்தி இது.

பிறகு அவர் லண்டனில் வானிலைக் கருவிகளைப் பற்றிப் படித்துவிட்டு 1948-இல் இந்திய வானிலைத் துறையில் சேர்ந்தார். மழைமானி, காற்றுமானி, சூரியக் கதிர்வீச்சை அளக்கும் கருவி என்று நூற்றுக்குப் பக்கமான கருவிகளின் வரைபடங்களைத் தரப்படுத்தி, இந்தியாவிலேயே செய்ய வழி செய்தார். ஒவ்வொன்றும் சரியாக அளக்கிறதா என்று சோதிப்பதில் அவர் காட்டிய கண்டிப்பு பெயர்பெற்றது. 1980-இல் அவர் வெளியிட்ட இந்தியச் சூரியக் கதிர்வீச்சுத் தரவுக் கையேடு, நாட்டில் சூரிய மின்சாரம் பற்றி யோசித்தவர்களுக்கு அடிப்படை நூலாக இருந்தது.

இப்போது உங்களிடம் இருக்கும் நாட்களுக்கு வருவோம். எல்லாச் சோதனைகளையும் மறுபடி செய்ய நேரம் கிடைக்காது. விடை அதிகமாக விலகிப்போன இரண்டை மட்டும் எடுத்துக்கொண்டு, எங்கே விலகியது என்று தேடுங்கள். யங் குணகம் என்றால் முதலில் ஸ்கேலின் தடிமனைப் பாருங்கள். வாய்பாட்டில் அது மும்மடியில் இருக்கிறது. 5 மில்லிமீட்டர் தடிமனில் 0.05 மில்லிமீட்டர் தப்பினால், விடையில் 3 சதவீதம் போய்விடும். ஸ்குரூ கேஜின் பூஜ்யப் பிழையைக் கழிக்க மறந்திருப்பீர்கள், பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும். ஸ்பெக்ட்ரோமீட்டர் என்றால் முப்பட்டக மேசையின் மட்டத்தைப் பாருங்கள். சோடியம் விளக்கைப் போட்டதும் வருகிற இளஞ்சிவப்பில் அவசரப்பட்டு அளக்காமல், மஞ்சள் நன்றாக நிலைக்கும்வரை பொறுங்கள். காரணம் கிடைத்தால் விடைக்குக் கீழே இரண்டு வரியில் எழுதுங்கள். கிடைக்காவிட்டால் விடையை மட்டும் எழுதி, எத்தனை சதவீதம் விலகல் என்று குறித்துவிடுங்கள். ஆசிரியரிடம் மார்க் குறைந்தால் பணிவாகப் போய்க் கேளுங்கள். உங்கள் கையில் உங்களுடைய ரீடிங் இருக்கும்போது கேட்பதற்குத் தைரியம் தானாக வரும்.

தேர்வு முடிந்து ஊருக்குப் போகும் வழியில் செய்துபார்க்க ஒரு சோதனை. ஆசிரியரிடம் சொல்லி 110 டிகிரி வரை காட்டும் வெப்பமானி ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். வத்தலக்குண்டில் ஒரு டீக்கடையில் கேட்டுக்கொண்டு, கொதிக்கும் தண்ணீருக்குச் சற்று மேலே, நீராவியில் வெப்பமானியைப் பிடியுங்கள். தண்ணீரில் முக்க வேண்டாம், உப்பும் அழுக்கும் கொதிநிலையை மாற்றிவிடும். அங்கே 99-க்குப் பக்கத்தில் வரும். பிறகு பெருமாள்மலையில், கொடைக்கானலில், பூம்பாறையில், கடைசியாக மன்னவனூரில் உங்கள் வீட்டு அடுப்பில். ஏறத்தாழ 300 மீட்டருக்கு ஒரு டிகிரி குறையும். முற்காலத்தில் நில அளவை செய்தவர்கள் தண்ணீரைக் கொதிக்கவைத்துத்தான் மலைகளின் உயரத்தைக் கணித்தார்கள். ஒவ்வோர் இடத்திலும் போன் காட்டும் உயரத்தைக் குறித்துக்கொண்டு வரைபடத் தாளில் புள்ளி வையுங்கள். ஏதாவது ஒரு புள்ளி கோட்டை விட்டு விலகி நின்றால் அழிக்க வேண்டாம். அளந்த நேரம், மழையா வெயிலா, அடுப்பு என்ன அடுப்பு என்று பக்கத்தில் எழுதிவையுங்கள். விடுமுறை முடிந்து கல்லூரிக்கு இறங்கும்போது அதே இடத்தில் இன்னொரு முறை அளந்து பார்க்கலாம்.